ஹெரால்டுக்கு வெள்ளைப் பட்டை

ஏப்ரல் 13, ஞாயிறு

மிதுனா வந்திருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை, ஆனால் பெண் முகத்தில் அந்தப் பரபரப்பே கிடையாது. வந்ததும் செல்போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினாள். எந்த ஊர்க் காரோ. கறுப்பு டயர், அதன் பக்கவாட்டில் சுற்றிலும் வெள்ளைப் பட்டை.

"மாமா, நம்ம ஹெரால்டுக்கும் இப்படி வெள்ளப் பட்டை வெச்சா எப்படி இருக்கும்?"

"வெச்சுட்டாப் போச்சு கண்ணு."

சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வருவது தாய்மாமன் முறை. மிதுனாவின் அம்மா, என் தங்கை சம்பூரணத்தை எங்கள் மாமா ஒரு வாடகைக் காரில் அழைத்து வந்தார், அது வழியில் நின்று போய் நாங்கள் ஆறு பேர் தள்ளினோம். மிதுனாவுக்கு அந்தக் கதி வராது. அவள் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவளை என் சொந்தக் காரில், என் கையால் ஓட்டி, மண்டப வாசலில் இறக்கப் போகிறேன். 1969 மாடல் ஹெரால்டு, நாலு கதவு, பாலாடை நிறம். ரிட்டயர் ஆன பணத்தில் துருப்பிடித்த கூடாக வாங்கி மூன்று வருடம் உட்கார்ந்து சரி செய்த வண்டி. வெள்ளைப் பட்டை ஒன்றுதான் பாக்கி போலிருக்கிறது.

என் மனைவி தமயந்தி வழக்கம்போல ஆரம்பித்தாள். போன மாதம் எனக்கு ஒரு தலைவலி வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். தானாகப் போய்விட்டது. அதை டாக்டரிடம் காட்டவில்லை என்று இன்றுவரை பாட்டு. போய்விட்ட தலைவலியை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

ஏப்ரல் 16, புதன்

டயர் விசாரித்ததில் பாதி நாள் போயிற்று. உள்ளூரில் நாலு கடை. வெள்ளைப் பட்டை என்றதும் நான் ஏதோ யானைக்குச் செருப்பு கேட்ட மாதிரிப் பார்க்கிறார்கள். ஒருவன், "அலாய் வீல் போட்டுக்கங்க சார், அதான் இப்பக் கெத்து" என்றான். ஹெரால்டுக்கு அலாய் வீல் போடுகிறவனை முதலில் உள்ளே தள்ள வேண்டும்.

வெளிநாட்டு டயர் வரவழைத்துத் தரும் சென்னைக்காரர் ஒருவர் நம்பர் கிடைத்தது. பெயர் சுதாகர். விலையை மெசேஜில் அனுப்புவதாகச் சொன்னார்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. ஒரு டயர் எட்டாயிரத்து ஐநூறு. நாலு டயருக்குக் கணக்குப் போட்டால் கொஞ்சம் கடிக்கத்தான் செய்கிறது, ஆனால் டயர் ஒன்றுக்கே இருபதாயிரம் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு இது அடித்த அதிர்ஷ்டம். உடனே முன்பணம் அனுப்பிவிட்டேன். தமயந்தியிடம் காட்டலாம் என்று பார்த்தேன், அவள் சமையலறையில் இருந்தாள். நடு அறையில் யாரோ ஸ்டூலை நகர்த்தி வைத்திருக்கிறார்கள், இடது முழங்காலில் நல்ல அடி.

ஏப்ரல் 22, செவ்வாய்

அயோக்கியத்தனம் என்றால் இதுதான். டயர் வந்துவிட்டதா என்று கேட்கப் போனால், மீதிப் பணம் எழுபதாயிரத்துக்கு நெருக்கமாகக் கேட்கிறான் அந்தச் சென்னை ஆள்.

"ஏனுங்க, எட்டாயிரத்தி ஐநூறுன்னுதான அனுப்புனீங்க?"

"சார், நான் தெளிவா போட்ருக்கேன். பதினெட்டாயிரத்து ஐநூறு. அந்த ரேட்டுக்கு இங்க ஸ்டெப்னி கூட வராது சார்."

பேச்சு தடித்தது. ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டேன். போனைத் தமயந்தியிடம் கொடுத்து, "நீயே படி" என்றேன். அவள் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"பதினெட்டுதானுங்க போட்டிருக்குது."

வாங்கிப் பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தபோது அந்த ஒன்று தெரிந்தது. இந்தப் போன்களில் எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, மனிதன் எப்படிப் படிப்பது? பேப்பரும் அப்படித்தான். இப்போதெல்லாம் வரி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரிவதில்லை. அச்சடிக்கிறவர்களுக்குப் பொறுப்பில்லை.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வரும் என்கிறான். எழுபத்து நாலாயிரத்துக்கு டயர் போட்டுக்கொண்டு போக நான் என்ன ஜமீனா?

ஏப்ரல் 26, சனி

மலிவான வழி இருக்கும்போது நான் ஏன் அலைந்தேன் என்று தெரியவில்லை. கவுண்டம்பாளையத்தில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் ரபீக், டயருக்கே போடுகிற ரப்பர் பெயின்ட் இருக்கிறது என்றார். டயரைச் சோப்பு போட்டுக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, டேப் ஒட்டி, மூன்று கோட்டிங். மொத்தச் செலவும் அந்தச் சென்னைக்காரனிடம் நான் இழந்ததில் பாதி.

நன்றாகத்தான் இருக்கிறது. வண்டியைத் தூரத்தில் நிறுத்தி வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். புதுச் செருப்புப் போட்ட பிள்ளை மாதிரி நின்றது. மிதுனாவுக்குப் படம் அனுப்பினேன். ஏழெட்டு இதயம் அனுப்பினாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இடது முன் டயரில் வெள்ளை போய்விட்டது. ஒரு கைநீளத்துக்குக் கறுப்புத் தீற்றல். மூன்றே நாள்! வலது பக்கம் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. அதாவது வலதுக்கு நல்ல பெயின்ட், இடதுக்கு வரும்போது டப்பா காலி, தின்னரை ஊற்றிக் கலக்கி அடித்திருக்கிறார். முப்பத்தோரு வருடம் மோட்டார் பம்பு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம் இந்த வேலை நடக்காது.

ரபீக் வந்து குனிந்து பார்த்தார்.

"சார், பெயின்ட் உரியலீங்க. எங்கயோ ஒரசியிருக்குது."

"நான் எங்கய்யா ஒரசுனேன்? நாப்பது வருசமா ஓட்டறேன்."

"ஒரசியிருக்குதுன்னுதானுங்க சொன்னேன்" என்றவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். காசு வாங்காமல் மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார். தப்பு இல்லாதவன் எதற்கு இலவசமாகச் செய்கிறான்?

காலையில் இட்லிக்குச் சட்னியே வைக்கவில்லை என்று தமயந்தியிடம் சத்தம் போட்டேன். அவள் தட்டைப் பாதி சுற்றித் திருப்பி வைத்தாள். சட்னி இருந்தது.

மே 3, சனி

மறுபடி கறுப்பு. மறுபடி இடது. பெயின்ட் என்பதே ஏமாற்று வேலை என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

இன்டர்நெட்டில் வெள்ளை ரப்பர் வளையம் விற்கிறார்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகிக் காற்றடித்தால் டயரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுமாம். பெயின்ட் மாதிரி உரிகிற பேச்சே இல்லை. நாலு வளையத்துக்கு ஆர்டர் போட்டேன். இந்த முறை விலையைத் தமயந்தியை விட்டுப் படிக்கச் சொன்னேன். வர வர எனக்குப் போனைப் பார்த்தாலே எரிச்சல்.

மே 8, வியாழன்

வளையம் வந்தது. டயர் கடையில் மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கடைக்காரர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு முறை சலித்துக்கொண்டார். ஆனாலும் பெயின்டைவிட இது அழகு, ஓரம் வெட்டினாற்போல இருக்கிறது.

திரும்பி வரும்போது சம்பூரணம் வீட்டில் நிறுத்திக் காட்டினேன். வாசலுக்கு வந்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னமோ கண்ணாடிக் கூரை வெச்ச காரு கொண்டாராங்களாமா. இதுக்கு முன்னால அது நிக்குமா?"

அவள் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். என் அண்ணன் ஓட்டிக்கொண்டு வருவான், பாருங்கள் என்று. மனது நிறைந்துவிட்டது.

மே 10, சனி

இடது முன் வளையம் கிழிந்து தொங்குகிறது.

மே 11, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை, அவ்வளவு கோபம். இன்று நிதானமாக யோசித்தேன். எதிர் வீட்டுக்காரர் சாக்கடைக்குப் போட்ட சிமென்ட் பலகை ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. போய்க் கேட்டேன். "சென்னியப்பண்ணா, அது போட்டு எட்டு வருசமாச்சுங்க" என்கிறார். எட்டு வருடமாகத் தப்பு செய்தால் அது சரியாகிவிடுமா?

கம்பெனியில் ஒரு பம்பு லீக் ஆனால் நான் யாரையும் திட்ட மாட்டேன். ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. எதை மாற்றும்போது லீக் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. இந்தச் சனியனையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

நாளை வலது சக்கரத்தை அப்படியே கழற்றி இடது பக்கம் போடுகிறேன். வளையத்தில் கோளாறு என்றால் கிழிசல் இடது பக்கத்தை விட்டுப் போக வேண்டும்.

மே 14, புதன்

போகவில்லை. வலதிலிருந்து வந்த நல்ல வளையமும் இடதுக்கு வந்ததும் கிழிந்துவிட்டது. ஆக வளையத்தில் குற்றமில்லை. அலைன்மென்ட்டாக இருக்கும், வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

மே 16, வெள்ளி

அலைன்மென்ட் சரியாக இருக்கிறதாம். காகிதத்தில் அடித்தே கொடுத்துவிட்டான். காசையும் வாங்கிக்கொண்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறான்!

வளையம் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். மறுபடி ரபீக்கிடம் போக வேண்டியதாயிற்று. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 18, ஞாயிறு

மிதுனா கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு மண்டபம் வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். மருதமலை ரோட்டில் கூட்டமே இல்லை. அவள் ஏதோ புடவைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "மாமா! லெஃப்ட்ல! லெஃப்ட்ல!" என்று அலறினாள்.

பிரேக்கை அழுத்தினேன். ஒரு மொபெட் கீழே கிடந்தது. எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. ஆகாயத்திலிருந்து குதித்த மாதிரி. காய்கறிப் பையோடு ஒரு பெண். முழங்கையும் முழங்காலும் சிராய்த்திருந்தன, வேறொன்றும் இல்லை. ஹாரன் அடிக்காமல் இப்படியா குறுக்கே வருவது என்று கேட்டேன்.

"குறுக்க வர்லீங்க" என்றாள் அந்தப் பெண். "உங்குளுக்கு முன்னாலதானுங்க ரொம்ப நேரமாப் போயிட்டிருந்தேன். ஓரமாத்தான் போனேன்."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். மிதுனாவைப் பார்த்தேன், எனக்குச் சாட்சி சொல்வாள் என்று. அவள் தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணை ஓர் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

"நான் இவங்கள ஆஸ்பத்திரில காட்டிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிக்கறேன் மாமா. நீங்க... மெதுவாப் போங்க."

என் காரை விட்டு இறங்கி ஆட்டோவில் போனாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது டயரில் கறுப்பு. அதைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

மே 19, திங்கள்

காரை எடுக்கவில்லை.

மே 20, செவ்வாய்

அந்தப் பெண்ணுக்கு மருந்துச் செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பினேன். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

மத்தியானம் தமயந்தி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இருபது வருடமாக எங்கள் சின்னக் காரை ஓட்டுகிறாள், ஹெரால்டை மட்டும் நான் தொட விட்டதில்லை. மூன்றாவது கியருக்கு மேல் ஒன்று உண்டு என்பதையே அறியாதவள்.

"ஏனுங்க, பம்பு லீக் ஆனா ஒண்ணொண்ணா மாத்திப் பாப்பீங்கல்ல."

"ஆமா."

"பெயின்ட மாத்தினீங்க. வளையத்த மாத்தினீங்க. சக்கரத்த மாத்தினீங்க. பலகை நீட்டுதுன்னு எதிர்வீட்டுல போய்ச் சண்ட போட்டீங்க. ஒண்ண மட்டும் மாத்தவே இல்லீங்களே."

எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். என்னைப் பார்த்து இவள்! நாற்பது வருடத்தில் ஒரு கேஸ் கிடையாது என் லைசென்ஸில்.

மே 21, புதன்

ராத்திரி முழுக்கக் கோபம். காலையில் கோபம் போய் வேறு என்னவோ வந்திருந்தது. சாவியை மேஜைமேல் வைத்தேன். டயரை ரபீக்கே வீட்டுக்கு வந்து இன்னொரு முறை சரி செய்து கொடுத்தார். நான் போகும் அதே வழி, அதே கடை, அதே கேட். ஓட்டுகிறவள் மட்டும் வேறு. நான் கூடப் போகவில்லை.

மே 22, வியாழன்

வெள்ளை.

மே 23, வெள்ளி

வெள்ளை.

மே 24, சனி

வெள்ளை. இன்று மழை. வேண்டுமென்றே மார்க்கெட் சந்துக்குள் போய்வரச் சொன்னேன். திரும்பி வந்ததும் துணியால் சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

மே 27, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. எழுத்துப் படிக்கச் சொன்னார்கள், தலையை அசைத்து அசைத்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். கடைசி வரி வரை. தமயந்தியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

அப்புறம் ஒரு மிஷின். ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிச் செய்தேன், இன்னொரு கண்ணை மூடிச் செய்தேன். முடிந்ததும் அந்த மிஷின்காரப் பெண்ணிடம் சொன்னேன்: "ஏம்மா, உங்க மிஷின்ல இடது பக்கத்து பல்பு ஒண்ணும் எரியலம்மா. சர்வீஸ்காரனக் கூப்புட்டுக் காட்டு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தமயந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

டாக்டர் பொறுமையான மனிதர். கண் இரண்டும் நன்றாக இருக்கிறதாம். மூளையின் பின்பக்கத்தில் ஓர் இடத்துக்குப் போகிற ரத்தம் அடைபட்டிருக்கிறது, அநேகமாக அந்தத் தலைவலி நாளில். இரண்டு கண்ணிலும் இடது பாதியை மூளை வாங்கிக்கொள்வதில்லை. "அங்க இருட்டாத் தெரியாதுங்க. அங்க ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது. அதனாலதான் உங்களுக்கு இத்தன நாளா சந்தேகமே வரல." மாத்திரை எழுதினார், ஸ்கேனுக்கு எழுதினார். எப்போதும் நினைவாகத் தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்க்கப் பழகச் சொன்னார்.

"வண்டி?" என்றேன்.

"வேண்டாம் சார். இனி வேண்டாம்."

மே 28, புதன்

தமயந்தியிடம் கத்தினேன். அவளுக்கு ஒரு மாதமாகவே சந்தேகமாம். தட்டில் எல்லாவற்றையும் வலது பக்கம் வைக்க ஆரம்பித்ததும், கடைவீதியில் எனக்கு இடது பக்கமாகவே நடந்து வந்ததும் அதனால்தானாம். அவள் என் இடது பக்கம் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? முன்னைப் போல் கூடவே வராமல் பின்தங்கி வருகிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"ஒவ்வொரு நாளும் டாக்டரப் பாருங்கன்னு சொல்லீட்டுத்தானுங்க இருந்தேன்."

அது உண்மை. உண்மையாக இருப்பதால் இன்னும் ஆத்திரமாக வந்தது. அழுதுவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

சம்பூரணம் வந்தாள். அவளுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. கல்யாண வேலையில் கிடந்து அல்லாடுகிறவளிடம் எப்படிச் சொல்வது?

"அண்ணா, எத்தன மணிக்கு வண்டிய எடுக்கற? போட்டோக்காரன் உன்னையும் வண்டியையும் தனியா எடுக்கோணுமுங்கறான். ஸ்டீரிங்க புடிச்சு நிக்கற மாதிரி."

"வெள்ளனே எடுத்துரலாம்" என்றேன்.

தமயந்தி வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ரோட்டில் நாய்கூட இருக்காது. நாலு கிலோமீட்டர். டாக்டர்தானே தலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்? திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால் என்ன? ஒரே ஒரு நாள். அதற்கப்புறம் சாவியைக் கிணற்றில் வேண்டுமானாலும் போடுகிறேன். அவள் கேட்கவே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

தமயந்தி பத்திரிகை வைக்கப் போயிருந்த நேரத்தில் வண்டியை எடுத்தேன். ரோட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் வீட்டுமனை போட்டு விற்காமல் கிடக்கும் பொட்டல் இருக்கிறது, வேலி நீக்கினால் நேராக அதற்குள் போகலாம். மாடியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுபோய் ரோட்டோரம் மாதிரி இடது பக்கமாக வரிசையாக வைத்தேன். நானே வைத்தேன், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஓட்டுவது மோசடிதான், ஆனாலும் பாஸ் ஆகிவிட வேண்டும் என்று இருந்தது.

மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு குடத்துக்கும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் தெரிந்தது. கடைசிவரை போய் நிறுத்தி, அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். ஒன்றுகூடத் தட்டவில்லை என்று இறங்கிப் பார்த்தேன்.

சிவப்புக் குடம் சப்பையாகிக் கிடந்தது. இன்னொன்று பின் சக்கரத்துக்கடியில்.

நேராகப் பார்க்கும்போது இடது பக்கம் மறைந்துவிடுகிறது, இடது பக்கம் பார்க்கும்போது வண்டி இடது பக்கமாகவே போய்விடுகிறது. எந்த நேரத்தில் ஏறினேன் என்று தெரியாது. சத்தம்கூடக் கேட்கவில்லை. எத்தனை நேரம் அந்தப் பொட்டலில் நின்றேனோ. மொபெட்காரப் பெண் அன்று ஓரமாகத்தான் போனாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். வண்டியின் பின் சீட்டில் பட்டுப்புடவையோடு மிதுனா உட்கார்ந்திருப்பாள், நான் அவளை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டியிருப்பேன்.

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். தமயந்தி வந்ததும் சாவியைக் கொடுத்து, பொட்டலில் நிற்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றேன். நசுங்கின குடம் இரண்டையும் டிக்கியில் போட்டு எடுத்து வந்தாள்.

ஜூன் 4, புதன்

மிதுனாவை வரச்சொல்லி நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்னது, மிஷின், குடம் எல்லாம். அந்த மொபெட்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு வந்ததையும் சொன்னேன். காலையில் போனேன், காபி கொடுத்தாள்.

மிதுனா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே அத்தை சொல்லிட்டாங்க."

"பின்ன ஏன் கண்ணு ஒண்ணுமே கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான்."

"சொல்லாமப் போயிருந்தன்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "கல்யாணத்தன்னைக்கு வெள்ளனே வயித்து வலின்னு சொல்லிப்போட்டு அம்மா கூட வேன்ல போயிருப்பேன். உங்ககிட்ட மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது மாமா."

இருபத்தாறு வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்றக் கல்யாணத்தன்று வயிற்றுவலி நடிக்கத் தயாராக இருந்திருக்கிறாள். நான் டயருக்கு என்ன நிறம் என்று அலைந்திருக்கிறேன். எனக்கே என்மேல் அடங்காத எரிச்சல். சம்பூரணத்திடம் அவளே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சாயங்காலம் சம்பூரணம் போன் செய்து ஒரே அழுகை. போட்டோவுக்கு மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்று நானே கேட்டுவிட்டேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு மண்டபத்து மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் தமயந்தி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹெரால்டில் ஏறினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். எனக்குக் கை துறுதுறுவென்றது, இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. போகிற வழியில் மட்டும், "நாலாவது கியர் போடு, நாலாவது போடு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "பொண்ண வெச்சுட்டுப் போறனுங்க. மூணே போதும்" என்றாள். மூன்றிலேயே வந்தோம்.

பின் சீட்டில் நானும் மிதுனாவும். அவள் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். நேராகப் பார்த்தால் அங்கே யாருமே இல்லை, பூ வாசம் மட்டும் வருகிறது. அதனால் கழுத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் வந்தாள். நெற்றிச்சுட்டி, மூக்கில் வியர்வை, மடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்த விரல்கள். கண் கலங்கிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரோடு எப்படிப் போயிற்று, யார் வேடிக்கை பார்த்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் அவள் முகத்தை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

"என்ன மாமா, வர்ற வழியெல்லாம் என்னையே பாத்துட்டு வர்றீங்க?"

"டாக்டர் சொல்லியிருக்கறாரு கண்ணு" என்றேன்.